பந்தியில் ஓரிடம்: உளநோயும் உடனுண்ணலும்

விருந்தோம்பல் தமிழர்தம் தனிப்பண்பு என்று நாம் கூறாத மேடையில்லை. திருவள்ளுவர் அதற்கென ஓரதிகாரமே வகுத்தார் என்பதும், பாணர்க்கும் புலவர்க்கும் சோறும் ஊனும் குறைவற வழங்கிய வள்ளல்களின் பெயர்களும் பள்ளிப்பருவம் முதலே நமக்கு மனப்பாடம். ஆயின், சித்தம் கலங்கி வைத்தியசாலை சென்று மீண்ட ஒருவர் நம் வீட்டில் இருப்பாராயின் அவர் எங்கே அமர்ந்து உண்கிறார் என்ற வினா, நான் கேட்ட எந்தச் சொற்பொழிவிலும் எழுப்பப்பட்டதில்லை. பெரும்பாலும் அவர் பின்விறாந்தையில் உண்கிறார். அவருக்கெனத் தனிக்கோப்பையும் தனிப்பேணியும் உள. வீட்டார் உண்பதற்கு முன்னரோ உண்ட பின்னரோ அவர்முன் உணவு வைக்கப்படுகிறது. அவர் பசியோடு விடப்படுவதில்லை. அதனாலேயே இவ்வழக்கத்தை ஒரு கொடுமையென யாரும் கருதுவதில்லை.

உளநோயினின்று மீள முயலும் ஒருவர்க்குச் சமூகம் கடப்பாடுடையது உணவளித்தலா, உடனுண்ணலா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது. இரண்டும் ஒன்றுதானே என்று வாசகர் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன்வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். மருத்துவமோ உளவியலோ பயின்றவனல்லேன்; மெய்யியலை ஒரு பாடமாகக் கொண்ட கலைப்பீட மாணவன். ஆகவே நோயின் காரணம் பற்றியோ மருந்து பற்றியோ தீர்ப்புக்கூற முற்படேன். மருந்து வேண்டியவர்க்கு மருந்து வேண்டும். அதில் ஐயத்துக்கு இடமில்லை. மருந்து தன் பணியைச் செய்த பின்னரும் மனிதர் பின்விறாந்தையிலேயே இருக்கிறாரே, அந்த எச்சத்தைப் பற்றியதே என் கவலை.

என் ஊர் பாப்பாமோட்டை. மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் வீதியில், திருக்கேதீச்சரச் சந்தியைக் கடந்து விடத்தல்தீவை அடையுமுன் வருவது. ஒருபால் கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பிய வயல். மறுபால் உவர்வெளியும் கண்டற்காடும் ஆழமற்ற கடலும். 2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் இப்பகுதியைக் கடந்து சென்றது. மக்கள் கிழக்கே பெயர்ந்தனர். மீண்டும் கிழக்கே பெயர்ந்தனர். 2009 மே மாதத்தின் பின் முகாம்களை அடைந்தனர். அப்பொழுது எனக்கு ஐந்து வயது. ஆகையால் நான் இங்கு கூறப்போவனவற்றுட் சில என் நினைவு. சில அம்மா சொல்லக் கேட்டவை. இரண்டையும் வேறுபிரித்தல் இப்பொழுது எனக்கு இயலாது.

உறவுமுறையில் எனக்குப் பெரியப்பாவான ஒருவர் அந்த இறுதி மாதங்களில் மகனை இழந்தார். ஊர் திரும்பிய இரண்டாம் ஆண்டில், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி இரவு வேளைகளில் உவர்வெளியை நோக்கி நடக்கத் தொடங்கினார். வைத்தியசாலை, மாத்திரை, மாதாந்த ஊசி என்று நாட்கள் கழிந்தன. கூப்பிடும் குரல்கள் நின்றன. இரவு நடையும் நின்றது. ஆயினும் அவர் சுகமாகிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. "இப்ப கரைச்சல் இல்லை" என்றே சொன்னார்கள். கரைச்சல் இல்லாத மனிதராக, பின்விறாந்தையில், நீல நிறக் கோப்பை ஒன்றில் ஏறத்தாழ எட்டாண்டுகள் அவர் உண்டார்.

காலபோக அறுவடை முடிந்த ஒரு மாசிமாதத்தில் எங்கள் அயலார் சேர்ந்து ஒடியற்கூழ் காய்ச்சினர். இவ்வுணவைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். தென்னிலங்கை மாணவர் சிலர் இதனை ஏதோ கஞ்சி வகையென எண்ணியிருப்பதைக் கண்டுள்ளேன். பனங்கிழங்கைக் கிழித்து வெயிலிற் காயவிட்டால் ஒடியல். அதனை இடித்தெடுத்த மாவை நீரில் ஊறவைத்துக் கசப்புப் போகப் பிழிந்து வைப்பர். மீன், நண்டு, இறால், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை, கைப்பிடியளவு அரிசி ஆகியன கிடாரத்தில் வெந்துவர, செத்தல்மிளகாய்க் கூட்டும் பழப்புளியும் சேர்த்து, கடைசியாக மாவைக் கரைத்து ஊற்றுவர். ஊற்றிய கணத்திலிருந்து துடுப்பு நிற்கக்கூடாது, நின்றால் அடிப்பிடிக்கும். ஒரேயொருவருக்கெனக் காய்ச்சப்பட்ட கூழை நான் கண்டதில்லை, கேட்டதுமில்லை. ஒரு வீட்டில் நண்டு கிடைக்கும், மறு வீட்டில் மா இருக்கும், இன்னொரு வீட்டில் கிடாரம் இருக்கும். பின்னர் எல்லாரும் நிலத்திற் குந்தியிருந்து பனையோலைப் பிளாவில் ஏந்திக் குடிப்பர். யார் எத்தனை பிளா குடித்தார் என்று எண்ணுவாரில்லை.

அன்று வழக்கமாகத் துடுப்புப் பிடிப்பவர் வரவில்லை. இளைஞர் இருவர் முயன்று கைசோர்ந்தனர். அப்பொழுது ஒருவர், எவ்வித உளவியல் நோக்கமும் இன்றி, வேலியோரம் நின்ற பெரியப்பாவைப் பார்த்து, "அண்ணை, முந்தி நீங்கள்தானே கிண்டுறனீங்கள், வாங்கோவன்" என்றார். பெரியப்பா வந்தார். துடுப்பை வாங்கினார். அரைமணி நேரம் ஒன்றும் பேசாது கிண்டினார். பின் அகப்பையால் உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கிப் பார்த்து, அருகில் நின்ற என்னிடம், "உப்புக் காணாது, தம்பி" என்றார்.

அன்றோடு அவர் சுகமாகிவிட்டார் என்று எழுதினால் அது பொய். மறுவாரம் பழையபடி மௌனமானார். எனினும் எட்டாண்டுகளில் முதன்முறையாக அவர் தமக்கு வெளியேயுள்ள ஒன்றைப் பற்றி ஓர் அபிப்பிராயம் கூறியிருந்தார். அதனை ஊர் ஏற்று உப்புப் போட்டது. மறுநாள் பெரியம்மா நீலக் கோப்பையை முன்விறாந்தைக்குக் கொண்டுவந்து, தன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். "நேற்று எல்லாரோடையும் இருந்தவர்தானே" என்பது மட்டுமே அவர் மறுமொழி.

எட்டாண்டுகளாக அவருக்கு உணவு தவறாது கிடைத்தது. கிடையாதிருந்தது யாது?

பசியும் உணவும் பற்றித் தமிழில் எழுந்த பெருநூல் மணிமேகலை. அதில் வரும் காயசண்டிகைக்கு உளநோய் இல்லை. முனிவர் சாபத்தால் வந்த யானைத்தீ என்னும் தீராப்பசி. எனினும் ஊரம்பலத்தில் தனித்தலையும் அவள் நிலை நம் பின்விறாந்தை மனிதர்களின் நிலையோடு ஒப்புநோக்கத்தக்கது. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவால் அவள் பசி தீர்ந்தது என்பது எல்லாரும் அறிந்த செய்தி. அதற்கு முன் நிகழ்ந்ததை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வெறும் பாத்திரத்தோடு புகார் நகரில் நின்ற மணிமேகலைக்கு, முதற்பிச்சையை யாரிடம் ஏற்கவேண்டும் என்று வழிகாட்டியவள் இந்தக் காயசண்டிகையே. ஆதிரையின் வரலாற்றை எடுத்துரைத்து அவள் மனையைக் காட்டியவளும் அவளே. நோயுற்றவள் முதலில் ஆலோசனை கூறுகிறாள். பின்னரே உணவு பெறுகிறாள். சாத்தனார் இதனை எக்கருத்தோடு அமைத்தாரோ அறியேன். ஆனால் இன்று அக்காதைகளைப் படிக்கும்போது, அவளிடம் எதனையும் கேளாது சோற்றை மட்டும் வைத்துச் சென்றிருந்தால் அந்த அமுதசுரபிக்கு முதற்சோறே கிடைத்திராது என்று தோன்றுகிறது.

தனிப்பேணி நம் சமூகத்துக்குப் புதியதன்று என்பதையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலே தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் நடத்திய பிரவேசப் போராட்டம் தேநீருக்காக நடந்ததன்று. தேநீர் அவர்களுக்கு அதற்கு முன்னரும் விற்கப்பட்டது; வேறு பாத்திரத்தில், வேறு இடத்தில் விற்கப்பட்டது. உணவு வழங்கிக்கொண்டே ஒருவரை மனிதவரிசைக்கு வெளியே நிறுத்தும் கலையில் நாம் நீண்ட பயிற்சியுடையோம். உளநோயாளருக்குத் தனிக்கோப்பை வைக்கும் கை அப்பயிற்சி பெற்ற கைதான். சாதிக்கொடுமையும் இதுவும் ஒன்றே என நான் வாதிக்கவில்லை. கை எவ்வளவு இயல்பாக அந்தக் கோப்பையை எடுக்கிறது என்பதையே சுட்டுகிறேன். இதன் கடைக்கோடி எங்கே சென்று முடியும் என்பதை நம் எதிர்க்கரையில் உலகம் கண்டது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் நடத்திய விடுதியொன்றில், 2001 ஆகஸ்ட் 6ஆந் திகதி அதிகாலை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த உளநோயாளர் 28 பேர் மாண்டனர். உறவினர் பணங்கட்டி விட்டுச்சென்றோர் அவர்களுட் பலர். உறவினர் எல்லாரும் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு எளிதாயிருக்கும். உண்மை அவ்வளவு எளிதன்று.

இனி, ஆய்வாளர் கூறுவனவற்றுக்கு வருவோம். நம் நாட்டிலே முதன்முறை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட மனச்சிதைவு நோயாளர் 44 பேரை ஐந்தாண்டு கழித்துத் தேடிச்சென்று ஆராய்ந்த நான்சி வக்ஸ்லர் என்பார், அவர்கள் கைத்தொழில் வளர்ந்த நாடுகளின் நோயாளரைவிட நல்ல நிலையில் இருந்ததாக 1979இல் எழுதினார். உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் நடத்திய ஆய்வும் ஏறத்தாழ அதனையே உணர்த்திற்று. குடும்பமும் ஊரும் நோயாளியைத் தம்முள் வைத்துக்கொள்வதே காரணம் எனப் பலர் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்திருப்போம். ஆனால் 2008இல் சென்னையைச் சேர்ந்த ஆர். தாரா உள்ளிட்ட நால்வர் இம்முடிவை மீளாய்வு செய்து, வளர்முக நாடுகளில் நோய் எளிதில் தீரும் என்பதைக் கேள்விக்கிடமற்ற உண்மையாகக் கொள்ளவியலாது என எச்சரித்தனர். அவ்வெச்சரிக்கை நமக்கு நல்லது. "எங்கள் சமூகத்தில் இதற்கெல்லாம் இயல்பாகவே மருந்துண்டு" என்று நாம் சொல்லிக்கொள்ளும்போது பின்விறாந்தை மறைந்துவிடுகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் ஒருசேரக் காயப்படுத்துகிறது என்பதைப் பல்லாண்டுகளாக வற்புறுத்தி வந்துள்ளார். 1993இல் தமிழில் வெளிவந்த அவரது 'மனவடு' நம் மாணவர் அனைவரும் படிக்க வேண்டிய நூல். காயம் கூட்டுக்காயமாயின் மீட்சியும் கூட்டாகவே நிகழவேண்டும் என்பது இக்கருத்தினின்று பெறப்படும். நான் இதனை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் ஒரு வினா எஞ்சுகிறது: காயப்பட்ட ஊர் காயப்பட்ட மனிதரை எவ்வாறு தாங்கும்? தாங்கவியலாமையே பின்விறாந்தைக்குக் காரணமாயிருக்கலாம். பெரியம்மாவும் அந்த மகனுக்குத் தாய்தானே. கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்றுவேளையும் உண்ண அவரால் இயலாதிருந்திருக்கலாம். இதனை எண்ணாது அவரைக் குறைகூற முற்படுபவன், அவர் இடத்தில் ஒருநாளும் இருந்தவனல்லன்.

எல்லா உடனுண்ணலும் நன்மை செய்யும் என்றும் எண்ணற்க. இலண்டனில் 1970களில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள், ஓயாது குறைகூறும் குடும்பத்தோடும் மிகையாகத் தாங்கும் குடும்பத்தோடும் வாரத்துக்கு 35 மணித்தியாலத்துக்கு மேல் முகம்பார்த்திருக்கும் நோயாளர் மீண்டும் நோயுறுதல் அதிகம் எனக் காட்டின. உணவுவேளையே பல வீடுகளில் வழக்காடு மன்றமாகிறது. மருந்து குடித்தாயா, இன்னும் கொஞ்சம் சாப்பிடு, அயலவன் பிள்ளையைப் பார் என்ற விசாரணைக்கு நடுவே உண்பதைவிடப் பின்விறாந்தை சுகமானது. தனித்துண்ண விரும்பும் ஒருவரை இழுத்துவந்து பந்தியில் இருத்துவதும் அவரைப் பந்தியிலிருந்து எழுப்புவதைப் போன்றதே. தானே தேர்ந்த தனிமை வேறு. பிறர் ஒதுக்கிய தனிமை வேறு.

ஒரே அடுப்பில் வெந்ததை எல்லாரும் உண்டால் அது உடனுண்ணலாகிவிடுமா? இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலே தொடக்க மாதங்களில் பொதுச் சமையலறைகளிலிருந்தே உணவு வழங்கப்பட்டது. அம்முகாம்கள் 2012 செப்தெம்பரில் மூடப்பட்டன. நாங்கள் இருந்த முகாமைப் பற்றி அம்மா கூறுவது ஒன்றே: "வரிசையிலை நிக்கேக்கை ஆருக்கும் ஆற்றை முகமும் தெரியாது; முன்னுக்கு நிக்கிறவற்றை முதுகுதான் தெரியும்." ஒரே கிடாரம், ஒரே பருப்பு. ஆனால் உப்புக் காணாது என்று சொல்ல அங்கே யாருக்கும் உரிமையில்லை, சொன்னாற் கேட்பாருமில்லை. பெறுவது மட்டுமே அங்கு ஒருவர்க்கு விதிக்கப்பட்டது. எங்களூர்க் கிடாரத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு உணவில் இல்லை. பந்தியில் இருப்பவன் பரிமாறவும் கூடும், குறைசொல்லவும் கூடும், பிந்தி வந்து ஏச்சு வாங்கவும் கூடும். நட்பு முதிர்வதற்கு இருவரும் சேர்ந்துண்ட உப்பு வேண்டும் என்ற பழவழக்கை அரிஸ்டோட்டில் நட்பை ஆராயுமிடத்தில் எடுத்தாள்கிறார். உப்பு இருவர்க்கும் பொது என்பதே அவ்வழக்கின் உயிர். ஒருவர் இட, மற்றவர் ஏற்பது மட்டுமே நிகழுமிடத்து, எவ்வளவு உப்பு உண்டாலும் நட்பு பிறவாது.

இவ்விடத்தில் என் சொந்தத் தவறொன்றைச் சொல்ல வேண்டியவனாகிறேன். கூழ் காய்ச்சிய நிகழ்ச்சியால் ஊக்கமுற்ற நான், அடுத்த விடுமுறை முழுவதும் பெரியப்பாவோடு மதியம் உண்பதென்று முடிவுசெய்தேன். உடனுண்ணலின் நன்மையை நூல்களிற் படித்து அறிந்திருந்தேனல்லவா. நாள்தோறும் சென்றேன், பேச்சுக் கொடுத்தேன், "இன்னும் கொஞ்சம் போடட்டோ பெரியப்பா" என்றேன். மாலையில் ஒரு குறிப்புப் புத்தகத்தில் அவர் எவ்வளவு பேசினார், எவ்வளவு உண்டார் என்று எழுதினேன். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, அவர் பிசைந்த சோற்றை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "என்ன தம்பி, கணக்குப் பாக்கிறியோ?" என்றார். கோப்பையை எடுத்துக்கொண்டு பின்விறாந்தைக்குச் சென்றுவிட்டார். முன்விறாந்தைக்கு வர அவருக்கு எட்டாண்டுகள் சென்றிருந்தன. என் அன்பு அவரைத் திருப்பியனுப்பப் பத்து நாட்கள் போதுமாயிருந்தன.

இதனுள் ஒரு மெய்யியற் சிக்கல் உண்டு. ஒருவரைக் குணப்படுத்துவதற்காக அவரோடு உண்பேனாயின், நான் அவரோடு உண்ணவில்லை. அவருக்குச் சிகிச்சை செய்கிறேன். சோறு மருந்தாகிறது, நான் மருத்துவனாகிறேன், அவர் மீண்டும் நோயாளியாகிறார். மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்ற காண்டின் கோட்பாட்டைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றவன் நான். அவருடைய நன்மையையே காரணமாக வைத்து ஒருவரைக் கருவியாக்கவும் கூடும் என்பதை அந்தக் குறிப்புப் புத்தகம் கற்பித்தது. கிடாரத்தருகே அவரை அழைத்தவர் அவரைக் குணப்படுத்த எண்ணவில்லை. கூழ் அடிப்பிடிக்காமலிருக்க எண்ணினார். அதனாற்றான் அவ்வழைப்பு உண்மையாயிற்று.

அவ்வாறாயின் அமைப்பு முறையில் எதனையும் செய்தல் இயலாதா? பெல்ஜியத்திலுள்ள கீல் என்னும் சிற்றூர் இதற்கு விடை தருவதாக எண்ணுகிறேன். புனித டிம்ப்னாவின் திருத்தலத்துக்கு வந்த உளநோயாளரைப் பல நூற்றாண்டுகளாக அவ்வூர்க் குடும்பங்கள் தம் வீடுகளிலேயே ஏற்றுவந்தன. 1930களின் இறுதியில் அவ்வாறு தங்கியிருந்தோர் 3,700க்கு மேற்பட்டோர். இன்று அத்தொகை வெகுவாகக் குறைந்துள்ளது. அங்குள்ள மரபு ஒன்று கருதத்தக்கது: விருந்தினரின் நோய்ப்பெயர் குடும்பத்துக்குக் கூறப்படுவதில்லை. வந்தவர் வீட்டாரோடு ஒரே மேசையில் உண்பார்; வயல்வேலையோ வீட்டுவேலையோ தெரிந்தால் செய்வார். மருத்துவம் மருத்துவரிடம், மேசை மேசையாகவே இருக்கும். நியூயோர்க்கில் 1948இல் தொடங்கிய பவுண்டன் ஹவுஸ் என்ற இல்லத்தில், உளநோயிலிருந்து மீள்வோரும் ஊழியரும் ஒன்றாக நின்று மதிய உணவைச் சமைக்கின்றனர். அங்கே வெங்காயம் நறுக்குவது பயிற்சிக்காகவன்று; நறுக்காவிடின் பகலுணவு இல்லை. ஆக, அமைப்பொன்றினால் அடுப்பை மூட்டவும் கிடாரத்தை ஏற்றவும் கூடும். துடுப்புப் பிடிக்க ஆளில்லாத அந்த வெற்றிடத்தை விட்டுவைக்கவும் கூடும். அதற்கு மேல் நிகழ்வது அமைப்பின் கையில் இல்லை.

நம் பிரதேசத்துக்கு ஒரு சிறு யோசனை கூறலாம். மாதாந்தக் கிளினிக்குக்குத் தொலைவூர்களிலிருந்து பஸ்ஸேறி வருவோர் காலைமுதல் வாங்குகளில் அருகருகே காத்திருந்து, கொண்டுவந்த பார்சலைத் தனித்தனியே திரும்பியிருந்து உண்பதைப் பல இடங்களிற் கண்டுள்ளேன். அதே நாளில், அதே மரநிழலில் ஓர் அடுப்பு மூட்ட எவ்வளவு செலவாகும்? காத்திருக்கும் நேரமோ ஏராளம். மன்னாரிலே கூட்டாக உண்ணும் வழக்கம் எந்தச் சமயத்தாருக்கும் அந்நியமன்று. கோயில் அன்னதானமும், தேவாலயத் திருவிழாச் சாப்பாடும், நோன்புக் கஞ்சியும், ஒரே சகனைச் சுற்றியிருந்து உண்ணும் முஸ்லிம் மக்களின் பந்தியும் நம் கண்முன் உள்ளன. மருத்துவரும் தாதியரும் அங்கு வந்து உண்ணலாம். குறிப்புப் புத்தகத்தை மட்டும் உள்ளே வைத்துவிட்டு வரவேண்டும்.

பெரியப்பா சென்ற ஆண்டு மாத்திரைகளை நிறுத்தினார், நோய் திரும்பிற்று. வாட்டில் மூன்று வாரம் இருந்து மீண்டார். இவ்வாண்டுக் கூழுக்கு நான் ஊர் சென்றிருந்தபோது துடுப்புப் பிடித்தவர் வேறொருவர். பெரியப்பா பிந்தியே வந்தார்; வந்து, வரிசையில் எனக்கு நாலு பேர் தள்ளிக் குந்தினார். நான் அவரைப் பார்க்காதிருக்க முயன்று, அம்முயற்சியிலும் தோற்று, என் பிளாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை கூழ் வந்தபோது, தன் பிளாவில் நண்டு ஒன்றுகூட இல்லையென்று அவர் முறையிடும் குரல் கேட்டது. பக்கத்திலிருந்தவர் தன்னுடையதை எடுத்துக் கொடுக்கவில்லை. நண்டுக்காலைக் கடித்தபடியே, "பிந்தி வந்தால் உப்பிடித்தான் அண்ணை" என்றார்.